அதிகாரிக்குக் காட்டின பள்ளிக்கூடம்

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒம்பதாவது வகுப்பு வராமப் போனதுக்கு ஊரோட ஏழ்மைதான் காரணம்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. கேக்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏழ்மையாவது மண்ணாங்கட்டியாவது! அந்த ஏழ்மைய ஊரே கூடி, சுண்ணாம்பு அடிச்சு, கோலம் போட்டு, வண்டி கட்டி மறைச்சோமே, அதுதான் காரணம். அதை மட்டும் ஒருத்தரும் வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன். எனக்கு இனிமே யாருகிட்டயும் நல்ல பேரு வாங்க வேண்டியதில்ல.

எண்பதுகளோட நடுவுல நடந்தது இது. எங்க ஊரு சித்தேரி மலைக்குக் கீழ, மானாவாரிக் காடுங்களுக்கு நடுவுல இருக்கு. பொம்மிடிக்குப் போற பஸ்ஸு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுவும் வந்தா உண்டு, வரலேன்னா இல்ல. பள்ளிக்கூடம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் எல்லாப் புள்ளைங்களுக்கும் சேத்து ரெண்டு ஓட்டு ரூம்பு, ஒரு கீத்துக் கொட்டாய். மழை வந்தா லீவு. ரொம்ப வெயில் அடிச்சா புங்க மரத்தடி. ஆறாவது படிக்கிற ரூம்போட பின் சுவத்துல ஒரு ஆட்டுக்குட்டி நுழையற அளவுக்கு ஓட்டை. நெசமாவே நுழையும். பாடம் நடத்தறப்ப வந்து வாத்தியார் வேட்டிய மோந்து பாத்துட்டுப் போகும்.

பெஞ்சு கெடையாது. தரையில உக்காந்துதான் எட்டு வருசமும் படிச்சோம். தரையும் சும்மா தரை இல்ல, பேந்து போன தரை. வெள்ளிக்கிழமை பொட்டப்புள்ளைங்க சாணி போட்டு மெழுகணும். பசங்க தண்ணி கொண்டாரணும். வாத்தியாருங்க நாலு பேருன்னு கணக்கு. தெனம் வந்தது ரெண்டு பேரு: எங்க பெரிய வாத்தியார், அதாவது தலைமை ஆசிரியர், அப்புறம் பொம்மிடியில இருந்து பஸ்ஸுல வர்ற ஒரு டீச்சர். மத்த ரெண்டு பேரும் சம்பளத் தேதிய ஒட்டி வருவாங்க.

எட்டாவது முடிச்சா அதோட சரி. பசங்களாவது அரூர்லயோ பொம்மிடியிலயோ ஆஸ்டல் பாத்துச் சேந்துக்குவாங்க. பொட்டப்புள்ளைங்க அன்னைக்கோட நின்னுடுவாங்க. அதுவரைக்கும் எங்க ஊர்ல ஒம்பதாவது படிச்ச பொம்பளைன்னு ஒருத்தி கெடையாது. எனக்கோ கணக்குன்னா உசிரு. ஆடு மேய்க்கிறப்பகூட மண்ணுல குச்சியால போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒம்பதாவது கணக்குப் புஸ்தகத்த டீச்சர்கிட்ட இரவல் வாங்கி, புரிஞ்சும் புரியாமலும் பாதி போட்டு முடிச்சிருந்தேன். அப்பாகிட்ட ஒரு நாள் தைரியம் பண்ணிக் கேட்டேன். அவரு கடலைக்காட்டுல களை பறிச்சுக்கிட்டே, "நம்ம ஊர்லயே ஒம்பதாவது வந்தா படி. நான் ஒண்ணும் குறுக்க நிக்க மாட்டேன். வெளியூருக்குப் பொட்டப்புள்ளைய அனுப்பற பேச்சே கெடையாது, ஆமா"ன்னுட்டாரு.

அந்த வருசந்தான் சேதி வந்துச்சு. எங்க பக்கத்துல ஒரு நடுநிலைப் பள்ளிய உயர்நிலைப் பள்ளி ஆக்கப் போறாங்க. எங்க ஊரு ஒண்ணு, கரட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊரு ஒண்ணு, ரெண்டுல ஒண்ணுக்குத்தான். கரடுன்னா எங்க பக்கத்துல மலையும் இல்லாத மேடும் இல்லாத கல்லுக் குன்று. அதைச் சுத்திக்கிட்டு நடந்தா அந்த ஊருக்கு ஒரு மணி நேரம். வழி பூரா முள்ளுக்காடு, ஒரு காஞ்ச ஓடை. தருமபுரியில இருந்து பெரிய அதிகாரி நேர்ல வந்து ரெண்டு பள்ளிக்கூடத்தையும் பாப்பாரு, பாத்துட்டு முடிவு பண்ணுவாரு, கட்டடமும் சேந்தே வரும்னு சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி களி எறங்கல. சந்தோசத்துலதான்.

இங்க ஒரு வழக்கத்தச் சொல்லணும். எந்த சர்க்கார் உத்தரவுலயும் கெடையாது, ஆனா எங்க பக்கத்து வாத்தியாருங்க எல்லாருக்கும் அத்துப்படி. வருசா வருசம் யூனியன் ஆபீஸ்ல இருந்து பள்ளிக்கூடம் பாக்க ஒருத்தர் வருவாரு. டெபுடின்னு சொல்லுவோம். டெபுடி எங்க ஊருக்கு வர்ற அன்னைக்கு, கரட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இருக்கற பெஞ்சுங்க மாட்டு வண்டியில எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துடும். அந்த ஊருக்கு யாரோ ஒரு புண்ணியவான் எப்பவோ பண்ணிக் குடுத்த பெஞ்சு. டெபுடி அந்த ஊருக்குப் போற அன்னைக்கு, எங்ககிட்ட இருந்த உலக உருண்டையும் தராசும் சைக்கிள்ல அங்க போகும். ரெண்டு பெரிய வாத்தியாரும் மாமன் மச்சான் மாதிரி. நீ குடு, நான் தர்றேன்.

டெபுடிக்குத் தெரியாதான்னா? தெரியும். அந்த உருண்டையில ஆஸ்திரேலியா பக்கம் நசுங்கியிருக்கும். ஒரே நசுங்கலை ரெண்டு ஊர்லயும் பாத்துட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க"ன்னு எழுதிட்டுப் போவாரு. கோழிக் கொழம்பு ஊத்தினா ஆஸ்திரேலியாவாவது ஒண்ணாவது.

ஏன் இப்படின்னு கேட்டா, பயம். பெஞ்சு இல்லேன்னு சொன்னா பெஞ்சு குடுக்க மாட்டாங்க, ஏன் இல்லேன்னு மெமோ குடுப்பாங்க. எங்க பெரிய வாத்தியார் ஒரு தடவ அப்படி அனுபவிச்சவரு. கூரை ஒழுகி அட்டென்டன்சு நனைஞ்சு போச்சுன்னு உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டாரு. மராமத்துக்குப் பணம் வரும்னு காத்துக்கிட்டு இருந்த மனுசனுக்கு வந்தது என்னா தெரியுமா? அரசாங்க ஆவணத்த நனைய விட்டதுக்கு விளக்கம் கேட்டு ஒரு தாளு. அதுல இன்கிரிமென்டும் நின்னு போச்சு. அன்னையில இருந்து அவரு வாயில இல்லேங்கற வார்த்தையே வராது. எதைக் கேட்டாலும் இருக்குதுங்க, எல்லாம் இருக்குதுங்க.

பெரிய அதிகாரி வர்றாருன்னதும் மனுசனுக்குக் கை கால் ஓடல. எங்க எட்டாவது வகுப்பு அவரு மேசையை ஒட்டித்தான் உக்காந்திருக்கும், அதனால பேசறதெல்லாம் காதுல விழும். டீச்சர் அவருகிட்ட வந்து மெதுவாத்தான் ஆரம்பிச்சாங்க.

"சார், இவரு டெபுடி இல்ல சார். குத்தம் கண்டுபிடிக்க வரல. எந்த ஊருக்கு ஒண்ணுமே இல்லையோ அதுக்குத்தான் முதல்லன்னு யூனியன் ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. இந்த ஒரு தடவ இருக்கறத இருக்கற மாதிரியே விட்டுடலாம் சார்."

பெரிய வாத்தியார் சிரிச்சாரு. "ஏம்மா, நீங்க சர்வீஸ்க்கு வந்து எத்தன நாளாச்சு? ஓட்டைய காட்டினா கட்டடம் வருமா? என் சீட்டுதான் கிழியும். பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், வயித்துல அடிச்சிறாதீங்க."

"புள்ளைங்களுக்கு ஒம்பதாவது வரும் சார்."

"வரும் வரும். பள்ளிக்கூடம் பாக்க லட்சணமா இருந்தாத்தான் வரும். ஓட்டைச் சுவரு வெச்சிருக்கறவனுக்கு எவன் ஹைஸ்கூல் குடுப்பான்?"

டீச்சர் அவங்க வகுப்புக்குத் திரும்பிப் போயிட்டாங்க. அவங்க வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. எனக்கு அப்ப பெரிய வாத்தியார் சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு. பொண்ணு பாக்க வர்றப்ப நல்ல சேலை கட்டிக்கிட்டுத்தானே நிக்கணும், கிழிசலோடவா நிப்பாங்கன்னு நெனச்சேன். ஊரே அப்படித்தான் நெனச்சுது.

ஊர்க் கூட்டம் போட்டாங்க. "நம்மூரு மானம்யா இது"ன்னு ஒருத்தர் சொல்ல, எல்லாருக்கும் ரோசம் வந்துருச்சு. பள்ளிக்கூடம் ஒழுகறப்ப எங்க போச்சோ அந்த ரோசம்! ஓடு மாத்த ஆளு வந்துட்டாங்க. கீத்து புதுசா வேய்ஞ்சாங்க. எங்கப்பா தன் கடலைக்காட்டு வேலையப் போட்டுட்டு மூணு நாளு மண்ணு கொழச்சுத் தரையப் பூசினாரு. எனக்குப் பெருமை தாங்கல. அம்மாவும் மத்த பொம்பளைங்களும் சுண்ணாம்பு அடிச்சாங்க. ஆறாவது ரூம்பு ஓட்டைய அடைக்க நேரம் பத்தல. அதுக்குப் பெரிய வாத்தியாரே யோசனை பண்ணி, பக்கத்தூர்ல இருந்து வந்த இந்தியா மேப்ப அது மேல தொங்க விட்டாரு. சரியா மூடுச்சு. கன்னியாகுமரிக்குக் கீழ கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சுது, அங்க ஒரு பூந்தொட்டிய வெச்சோம்.

பெஞ்சுங்க மொத நாள் சாயங்காலமே வந்துருச்சு. அந்த ஊர்ல ஒண்ணு விடாம ஏத்திக்கிட்டு வந்துட்டாங்க. பெஞ்சு மட்டுமா? கரும்பலகை, அலமாரி, பெரிய வாத்தியார் உக்கார்ற கை வெச்ச நாக்காலி வரைக்கும். அவங்க ஊருக்கு அதிகாரி வர்றது எங்க ஊரைப் பாத்த மறுநாள்தான், அன்னைக்கு ராவோட ராவா திருப்பிடலாம்னு பேச்சு. எங்க உருண்டையும் தராசும் கூடவே போறதா ஏற்பாடு.

அப்பத்தான் ஒரு சிக்கல் வந்துச்சு. வந்த பெஞ்சுல எங்க புள்ளைங்கள்ல பாதிப் பேருதான் உக்கார முடியும். மீதிப் பேரு தரையில உக்காந்தா அசிங்கமாத் தெரியும். பெரிய வாத்தியார் ஒவ்வொரு வகுப்பா வந்தாரு. விரலை நீட்டினாரு. "நீ வா. நீ வா. நீ வராதே. டேய் சளிமூக்கா, நீ வரவே வராதே. நீ எழுத்துக் கூட்டிப் படிக்கறவதானே, நாளைக்கு வூட்லயே இரு." வாய்ப்பாடு தெரியாததுங்க, சட்டை கிழிஞ்சதுங்க, அதிகாரியப் பாத்தா அழுவுங்கன்னு பட்டதுங்க, எல்லாம் கழிஞ்சு போச்சுங்க. மலையில இருந்து எறங்கி வந்து படிச்ச புள்ளைங்க மொத்தமாக் கழிஞ்சு போச்சுங்க. அதுங்களுக்கு ஒரே குஷி, லீவு வந்துச்சுன்னு. ஆனா மறுநாள் மத்தியானச் சத்துணவுக்குத் தட்டோட வந்து வேலிகிட்ட நின்னுச்சுங்க பாருங்க, ஆயாம்மா கரண்டிய ஓங்கிக்கிட்டுப் போய் வெரட்டினாங்க. ஜீப்பு நிக்குது, இப்ப வராதீங்கடா, போங்கடான்னு. அதுங்க சோத்துக்காகத்தான் பள்ளிக்கூடத்துக்கே வந்துக்கிட்டு இருந்ததுங்க. நெனச்சா இப்பவும் எனக்குச் சோறு எறங்காது.

அதிகாரி காலையில வந்தாரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சின்ன வயசுக்காரரு. மாலை வேணாம்னுட்டாரு. நேரா வகுப்புக்குள்ள வந்து புள்ளைங்க தலைய எண்ணினாரு. அட்டென்டன்ச வாங்கிப் பாத்துட்டு, "பேரு இவ்வளவு இருக்கு, ஆளு பாதிதானே இருக்கு?"ன்னு கேட்டாரு. பெரிய வாத்தியார், "கடலை புடுங்கற சீசனுங்க ஐயா. ஒழுங்கா வர்றவங்க இவங்கதானுங்க"ன்னாரு. அவரு தலையாட்டிக்கிட்டாரு.

ஆறாவது ரூம்புல மேப்பு முன்னாடி நின்னு, யாராவது வந்து தருமபுரி மாவட்டம் எங்க இருக்குன்னு காட்டுங்கன்னாரு. பெரிய வாத்தியார் மூஞ்சி செத்துப் போச்சு. அழுத்தினா விரல் உள்ள போயிரும். என்னைக் கூப்பிட்டாரு. மேப்பத் தொடாமக் காட்டணும்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு. நானும் ஒரு நூல் எட்டி நின்னு, தொடாம, சரியாக் காட்டினேன். அதிகாரி, "மேப்பு அழுக்காகக் கூடாதுன்னு எவ்வளவு பதனமாக் காட்டறா பாரு"ன்னு என் தலையில தட்டிக் குடுத்தாரு. எம்மாம் புத்திசாலித்தனம்! என் ஒம்பதாவது வகுப்புக்கு நானே மண்ணள்ளிப் போட்டேன், அதுக்குத் தட்டிக் குடுத்தல் வேற.

அப்புறம் வெளிய வந்து நின்னுக்கிட்டு அவரு கேட்டது எனக்கு அப்படியே காதுல இருக்கு. ஊரு சனம் பூரா சுத்தி நின்னுச்சு. "சொல்லுங்க, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை? என்ன வேணும்? தயங்காமச் சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்லீங்க ஐயா. எல்லாம் இருக்குதுங்க."

"கட்டடம் போதுமா?"

"தாராளமாப் போதுங்க."

அவரு திரும்பி ஊர்க்காரங்களப் பாத்தாரு. வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு நின்ன பெரிய மனுசங்க, "எங்க ஊருக்கு என்னாங்க குறைச்சலு"ன்னாங்க. அப்புறம் டீச்சரைப் பாத்து, "நீங்க சொல்லுங்கம்மா"ன்னாரு. டீச்சர் பெரிய வாத்தியார் மூஞ்சியப் பாத்தாங்க, அதிகாரியப் பாத்தாங்க. "எல்லாம் இருக்குங்க சார்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

கோழிக் கொழம்ப அந்த அதிகாரி தொடக்கூட இல்ல. மோரு மட்டும் குடிச்சாரு. குடிச்சுட்டு டிரைவரைக் கூப்பிட்டு, "கரட்டுக்கு அந்தப் பக்கத்தையும் இப்பவே பாத்துரலாம்"ன்னாரு.

பெரிய வாத்தியாருக்கு வேர்த்துருச்சு. "ஐயா, அங்க நாளைக்குத்தானுங்களே?"

"நாளைக்கு ஜீப் கிடைக்காது."

ஜீப்பு கெளம்பிருச்சு. பெஞ்சுங்க எல்லாம் இங்க. அலமாரி இங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல நாலு சுவத்தத் தவிர ஒண்ணும் இல்ல. சைக்கிள்ல ஒருத்தனை அனுப்பினாங்க, சேதி சொல்ல. சேதியப் போட்டு உக்கார முடியுமா? புள்ளைங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். அந்த ஊரு வசமா மாட்டிக்கிச்சு, இனிமே நமக்குத்தான் ஹைஸ்கூல்னு ஒரே கும்மாளம்.

அங்க என்னா நடந்துச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அதிகாரி போறப்ப புள்ளைங்க எல்லாம் வெறுந்தரையில உக்காந்திருக்குதுங்க. கரும்பலகை இருந்த எடத்துல ரெண்டு ஆணி. அந்த ஊருப் பெரிய வாத்தியார் மண்ணெண்ணெய் டின்னு மேல உக்காந்து பாடம் நடத்தறாரு. பெஞ்சு எங்கய்யான்னு கேட்டா என்னா சொல்லுவாரு? பக்கத்தூருக்கு இரவல் குடுத்திருக்கேன்னு சொன்னா அதுக்கு ஒரு மெமோ. அதனால, "பெஞ்சே கெடையாதுங்க ஐயா, எப்பவுமே இப்படித்தானுங்க"ன்னு பயத்துல உளறியிருக்காரு. அங்க புள்ளைங்களையும் யாரும் கழிச்சு விடல, நாளைக்குத்தானே வர்றாருன்னு. சளிமூக்கு, கிழிஞ்ச சட்டை, எல்லாம் அப்படியே நிறைஞ்சு வழிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அதிகாரி கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாருன்னு சொன்னாங்க.

ரெண்டு பேரும் பொய்தான் சொன்னாங்க. அவரு சொன்ன பொய்க்குக் கட்டடம் வந்துச்சு. நாங்க சொன்ன பொய்க்குப் பாராட்டு வந்துச்சு. ஆமா, பாராட்டுதான். நல்லாப் பராமரிக்கப்பட்ட பள்ளின்னு அதிகாரி எழுதி வெச்சுட்டுப் போயிருந்தாரு. அந்த நல்ல பேர வெச்சு எங்க பெரிய வாத்தியார் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்த மாறுதல வாங்கிக்கிட்டாரு. தருமபுரிப் பக்கம், அவரு வூட்டுக்குக் கூப்பிடு தூரத்துல. போறப்ப எங்களுக்கெல்லாம் ஆரஞ்சு முட்டாய் குடுத்தாரு. நான் வாங்கல.

கோடை லீவுல உத்தரவு வந்ததும் ஊரு கொதிச்சுப் போச்சு. பத்துப் பதினஞ்சு பேரு கெளம்பி அந்த ஊருக்குச் சண்டைக்குப் போனாங்க. எங்கப்பாவும் போனாரு. "எங்களுக்கு வர்ற இஸ்கூல நீங்க தட்டிக்கிட்டீங்க"ன்னு இவங்க கத்த, அந்த ஊருக்காரங்க, "நாங்களாய்யா கேட்டோம்? நீங்கதானே வண்டி கட்டிக்கிட்டு வந்து எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டுப் போனீங்க? மவராசனா இருங்க, இன்னொரு தடவ வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு சொல்லிச் சிரிச்சிருக்காங்க. இவங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து சேந்தாங்க. அன்னைக்குத்தான் எங்க ஊர்ல ஏழ்மைங்கற பேச்சே ஆரம்பிச்சுது. நம்ம ஏழை ஊரு, நம்மள யாரு மதிக்கிறான்னு.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்துச்சு. என்கூடப் படிச்ச பசங்க கரட்டச் சுத்திக்கிட்டு ஒம்பதாவதுக்கு நடந்து போனாங்க. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். டீச்சர் எங்க வூட்டுக்கு வந்தாங்க. பஸ்ஸ விட்டுட்டாலும் பரவாயில்லேன்னு உக்காந்து அப்பாகிட்டப் பேசினாங்க. ஏழெட்டுப் பொண்ணுங்க இருக்காங்க, சேந்து போயிட்டுச் சேந்து வரட்டும், நானே முதல் வாரம் கூட நடக்கறேன்னாங்க. அப்பா எந்திரிச்சு நின்னு, கையக் கட்டிக்கிட்டு, ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். அந்த வழியில வயசுக்கு வந்த புள்ளைய விட முடியாதுங்க. முள்ளுக்காடு. ஓடை. ஏதாச்சும் ஒண்ணுன்னா நாளைக்கு நான் தலை நிமுந்து நடக்க முடியுமா?"

"மத்தவங்க அனுப்பினா அனுப்புவீங்களா?"

"அவங்க மொதல்ல அனுப்பட்டுங்க, பாக்கலாம்."

மத்த வூடுங்கள்லயும் இதே பதில்தான். அவங்க வூட்டுப் புள்ள போவட்டும், எங்க வூட்டுப் புள்ளையும் போவும். ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒருத்தியும் போகல. நான் அழுதேன், சாப்பிடாமக் கெடந்தேன். அம்மா, "ஏண்டி இப்படி உசிர வாங்கறே, ஊரு உலகத்துல இல்லாத படிப்பா"ன்னு தலையில ஒரு குட்டு வெச்சாங்க. டீச்சர்கிட்ட வாங்கின கணக்குப் புஸ்தகத்தத் தம்பிகிட்டக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டேன். நேர்ல போய்க் குடுக்கத் தெம்பு இல்ல.

அந்த வருசம் மழை இல்ல. கடலை மொளைக்கவே இல்ல. ஆடி போய் ஆவணி வந்துச்சு, வூட்ல ராகி மூட்டை காலி. ஊர்ல ஆம்பளைங்க பாதிப் பேரு பெங்களூருக்கு மண்ணு வேலைக்குப் போயிட்டாங்க. அப்ப ஒரு கான்ட்ராக்டரோட டிராக்டரு ஊருக்குள்ள வந்துச்சு. சித்தாளு வேணும், கல்லு மண்ணு சொமக்க, பொம்பளைங்க வயசுப்புள்ளைங்க யாரா இருந்தாலும் வரலாம், தெனம் சாயங்காலம் கூலின்னு சத்தம் போட்டான். எங்கய்யா வேலைன்னு கேட்டாங்க. கரட்டுக்கு அந்தப் பக்கந்தான், ஹைஸ்கூலுக்குக் கட்டடம் கட்டறாங்கன்னான்.

மறுநாள் காலையில டிராக்டரு டிரெய்லர்ல ஏறி நின்னேன். என் வகுப்புப் புள்ளைங்க அத்தன பேரும் அதுல இருந்தாங்க, ஒருத்தி பாக்கியில்லாம. எட்டாவது வகுப்புப் பொட்டப்புள்ளைங்க வரிசை மொத்தமும் சும்மாடு கட்டிக்கிட்டு நிக்குது. அதே வழி. அதே முள்ளுக்காடு. ஓடையில எறங்கறப்ப டிராக்டரு ஒரு குலுக்கு குலுக்குச்சு, எல்லாரும் ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

அங்க கீத்துக் கொட்டாயில ஒம்பதாவது நடந்துக்கிட்டு இருந்துச்சு. எங்க ஊர்ப் பசங்க பெஞ்சுல உக்காந்திருந்தானுங்க. நாங்க கலவைச் சட்டிய ஏத்திக்கிட்டுப் பக்கத்துல நடந்தோம். புது வாத்தியார் கரும்பலகையில என்னமோ கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாரு. நின்னு பாக்கணும்னு இருந்துச்சு. மேஸ்திரி, "ஏ புள்ள, என்னா வேடிக்கை? கலவை இறுகிடும், நட"ன்னான். நடந்தேன். அன்னைக்கு நாங்க எழுப்பினது ஒம்பதாவது வகுப்புக்கான ரூம்போட சுவருன்னு மேஸ்திரிதான் சொன்னான்.

சாயங்காலம் எறக்கி விட்டப்ப நல்லா இருட்டிருச்சு. அப்பா ரோட்டோரம் பீடி குடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தாரு. கூலிய அவரு கையில குடுத்துட்டுக் கேட்டேன்.

"யப்பா, அந்த வழியில பொட்டப்புள்ளைய அனுப்ப மாட்டேன்னியே?"

அவருக்குக் கோவம் வரும்னு நெனச்சேன். வரல. என்னமோ புரியாததக் கேட்டுட்ட மாதிரி என்னைப் பாத்தாரு. "அது படிக்கப் போறதுடி. இது வேலை"ன்னாரு.

கை பூரா சிமிட்டி அரிச்சு வெந்து போயிருந்துச்சு. அம்மா தேங்காயெண்ணெய் தடவி விட்டாங்க. களி தின்னுட்டுப் படுத்தேன். படுத்த மாதிரியே தெரியல, அதுக்குள்ள அப்பா வந்து தோளத் தொட்டு உலுக்கறாரு. வெளிய டிராக்டரு சத்தம். "எந்திரிம்மா, எந்திரி. விட்டுட்டா நடந்துதான் போகணும்."